பதில்: ஆண்டு முழுவதற்கும் ஒரே மழை மார்ஜின் வேண்டாம்

செவ்வாய்க் கலத்தின் 32 கிகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு, சிங்கப்பூர் சாங்கியின் மழைக் கணக்கை வைத்து ஆண்டு முழுக்க ஒரே மார்ஜின் (மழை இழப்பைச் சமாளிக்க ஒதுக்கும் கூடுதல் சிக்னல் பலம்) போட்டதில் டேட்டா ரேட் படுத்துவிட்டது, வானிலை முன்னறிவிப்பை எங்கே நுழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சாங்கியைத் தூக்கிவிடுங்கள். நம்மூர் மாலை இடிமழைக்கு இந்த அலைவரிசை தாங்காது, தொலைதூரக் கலங்களோடு பேசும் நாசாவின் பெரிய ஆன்டெனாக்கள் இருப்பதும் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெராவில்தான்.

அப்புறம், சிக்னல் தேய்வதை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள், ஆனால் ரிசீவரைக் கடுங்குளிரில் வைத்து இரைச்சலைக் குறைத்திருப்பதால் மேகமும் நீராவியும் தாமே வெளியிடும் இரைச்சல்தான் இங்கே பெரிய எதிரி. காற்றுமண்டலத்தில் 1 டெசிபல் இழப்பு என்றால் இரைச்சல் ஏறத்தாழ 55 கெல்வின் கூடும் (இரைச்சலை வெப்பநிலை அலகில் அளப்பார்கள்). மொத்த இரைச்சலே 40 கெல்வினாக உள்ள சிஸ்டத்தில் அது மட்டுமே கிட்டத்தட்ட 4 டெசிபல் அடி.

மழை வந்த பிறகு கலத்துக்குச் சொல்லிப் பயனில்லை. செவ்வாய்க்கு சிக்னலின் ஒருவழிப் பயணமே 3 முதல் 22 நிமிடம், தவிர கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள். (நம் இரண்டு மணி நேர முன்னறிவிப்பு குடை எடுக்கத்தான் உதவும்.) அதனால் ஒவ்வொரு பாஸுக்கும் (ஆன்டெனா கலத்தோடு தொடர்பில் இருக்கும் நேரம்) சில நாள் முந்தைய முன்னறிவிப்பிலிருந்து இரைச்சல் எவ்வளவு இருக்கலாம் என்ற பரவலை எடுத்து, ஒவ்வொரு ரேட்டையும் அது வெற்றிபெறும் வாய்ப்பால் பெருக்கிப் பார்த்து, அதிக டேட்டா தரும் ரேட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆன்டெனா தாழ்ந்து பார்க்கும்போது ரேட்டைக் குறையுங்கள், 10 டிகிரியில் காற்றின் வழியான பாதை தலைக்கு மேலே இருப்பதைப்போல் ஏறக்குறைய 6 மடங்கு. தவறிய ஃபிரேம்களை (டேட்டாத் துண்டுகளை) மறுபடி அனுப்பக் கலத்தின் மெமரியில் இடம் விடுங்கள், அவசரத் தகவலை மழை குறைவாகப் பாதிக்கும் 8.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்புங்கள்.

முன்னறிவிப்பு பொய்க்கும் நாட்களையும் சிமுலேஷனில் சேருங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கண்டிப்பாகக் கேட்பார்கள்.