ஆரியகுளம் என்று தேடினால் ஏன் அகப்படுவதில்லை?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் குளங்கள், கேணிகள் பற்றிப் பல வருடமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். பாதி பாமினியில் தட்டிய வேர்ட் கோப்புகள். மீதி கொப்பியிலும் வட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாக்கி ஒன்றோடொன்று இணைக்கச் சொல்கிறார்கள். தமிழுக்கு அது சரிவருமா? (ஆசிரியை, கொக்குவில்)

பதில்: சரிவரும் ரீச்சர். ஆனால் முதலில் பாமினி என்ற அந்தப் பழைய எழுத்துருவுக்கு ஒரு முடிவு கட்டுங்கள். அதில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். டெக்ஸ்ட் கோப்பில் எழுத்துரு தங்காது. அப்படியே ஒட்டினால் குப்பைதான் வரும். எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யுனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றியதை நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎப்-8 (UTF-8) என்ற தெரிவில் சேமியுங்கள். 'ஆன்சி' (ANSI) என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், பிறகு மீட்க முடியாது. இடையிடையே ஆங்கிலச் சொல் இருந்த வரிகளை மட்டும் கண்ணால் பாருங்கள். அந்த மாற்றிக் கருவி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பியிருக்கும்.

அப்புறம் இணைப்பு. ஒப்சிடியன் (Obsidian) போன்ற குறிப்பெடுக்கும் செயலிகளில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் கோப்பின் பெயரை எழுதினால் போதும்: [[யமுனா ஏரி]]. ஒரு குளத்துக்கு ஒரு கோப்பு, கோப்புறைக்குள் கோப்புறை வேண்டாம்.

தமிழில் சிக்கல் வருவது வேற்றுமை உருபில். 'ஆரியகுளம்' என்று தேடினால் 'ஆரியகுளத்தில்' என்று எழுதிய குறிப்பு வராது. 'ஆரியகுள' என்று பாதியில் நிறுத்தித் தேடினால் இரண்டும் வரும். இணைப்பிலும் இதே கதைதான். [[ஆரியகுளத்தில்]] என்று போட்டால் அது இல்லாத ஒரு கோப்பைத் தேடும். இப்படி எழுதுங்கள்: [[ஆரியகுளம்|ஆரியகுளத்தில்]]. கோட்டுக்கு இடப்பக்கம் கோப்பின் பெயர், வலப்பக்கம் வாசிக்கையில் தெரிவது. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 காகிதத் துண்டுகளைக் கணினியில்லாமலே இணைத்து வைத்திருந்தார். இலக்கமிட்டு இணைத்ததால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இணைப்போடு காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். "[[யமுனா ஏரி]] பார்க்க" என்பதால் ஒரு பயனும் இல்லை. "ப வடிவக் கட்டுக்கு [[யமுனா ஏரி]] பார்க்க" என்றால் அடுத்த வருடமும் விளங்கும். கோப்பின் பெயரை மாற்றுவதென்றால் செயலிக்குள்ளேயே மாற்றுங்கள். வெளியே போய் மாற்றினால் இணைப்புகள் அறுந்துவிடும்.

வட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்தால் டெக்ஸ்ட் கோப்பாகவே வரும். கொப்பிகளைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தைப் படமெடுத்து, எந்தக் கொப்பி, எத்தனையாம் பக்கம் என்று அந்தந்தக் குளத்தின் கோப்பில் குறித்தால் போதும். மாதம் ஒருமுறை முழுக் கோப்புறையையும் பென் டிரைவில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். படங்களைத் தவிர்த்தால் எல்லாம் சேர்ந்தும் சில எம்பிதான் வரும்.