பிடித்தவுடன் விட்டுவிடும் மூலக்கூறுகள்: எஸ்.பி.ஆர். கேள்வி-பதில்

எஸ்.பி.ஆர். (சர்ஃபேஸ் பிளாஸ்மோன் ரெசனன்ஸ்) என்பது சிப்பில் பதித்த புரதத்தில் வேறொரு மூலக்கூறு ஒட்டுவதையும் கழல்வதையும் உடனுக்குடன் அளக்கும் முறை.

கே: அனலைட் (சிப்பின் மேல் செலுத்தும் மூலக்கூறு) போனதும் சிக்னல் செங்குத்தாக ஏறுகிறது, நிறுத்தியதும் அப்படியே விழுகிறது. ஆஃப்-ரேட் (கழலும் வேகம்) எப்படி எடுப்பது?

எடுக்க முடியாது. பெட்டி வடிவத்தில் அதற்கான தகவலே இல்லை. சமநிலை உயரத்தைச் செறிவுக்கு எதிரே வரைந்து கே.டி. (பாதி இடங்கள் நிறையும் செறிவு; சிறிதானால் பிணைப்பு வலுவானது) மட்டும் எடுங்கள்.

கே: 20 மைக்ரோமோலார் வரை செலுத்தினேன். மென்பொருள் கே.டி. 300 மைக்ரோமோலார் என்கிறது. எழுதலாமா?

கூடாது. உங்கள் வளைவு இன்னும் வளையவே இல்லை. அது ஊகித்த எண். கே.டி.யைத் தாண்டும் செறிவு வரை போங்கள்.

கே: கர்வ் வரவில்லை. ஏன்?

எந்தப் புரதம், எவ்வளவு பதித்தீர்கள், அனலைட் எத்தனை டால்டன் (மூலக்கூறு எடை)? ஒன்றுமே எழுதாமல் என்னிடம் காரணம் கேட்டால் எப்படி? கணக்கை நீங்களே போடுங்கள். 30,000 டால்டன் புரதம் 3,000 ஆர்.யு. (சிக்னலின் அலகு) பதிந்திருந்தால், 200 டால்டன் துண்டு (சிறு சேர்மம்) முழுக்க நிறைந்தாலும் 20 ஆர்.யு.தான். புரதத்தில் பாதி செயலிழந்திருந்தால் 10.

கே: செல் பரப்புப் புரதங்கள் இரண்டு. பலவீனமாகப் பிணையும் என்றார்கள். எனக்கு 40 நானோமோலார் வந்திருக்கிறது. புரதம் ஃப்ரீசரில் சில மாதம் இருந்தது, உருக்கிச் செலுத்தினேன்.

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. நீங்கள் அளந்தது திரட்டுகளை. நூற்றில் ஒரு பங்கு புரதம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் போதும். அந்தத் திரட்டு பல கைகளால் ஒரே நேரத்தில் சிப்பைப் பற்றும், விடவே விடாது. தனி மூலக்கூறு நொடிக்குள் கழன்று ஓடிவிட, மெதுவாக இறங்கும் அந்த வாலைத்தான் மென்பொருள் உங்கள் புரதமென்று நம்புகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வான் டெர் மெர்வே குழு 1993-இல் எலியின் செல் பரப்புப் புரதங்களான சிடி2, சிடி48 இரண்டையும் அளந்து இதைத்தான் எச்சரித்தது. திரட்டை நீக்கியபின் அவர்களுக்குக் கிடைத்த கே.டி. 60 முதல் 90 மைக்ரோமோலார். பிணைப்பின் அரை ஆயுள் ஏறக்குறைய 0.1 நொடி. முப்பது ஆண்டு கடந்தும் இதே தவறோடு கடிதம் வருவது எனக்கு வேதனை. செலுத்தும் அன்றே ஜெல் ஃபில்ட்ரேஷன் (புரதத்தை அளவு வாரியாகப் பிரிக்கும் முறை) ஓட்டுங்கள். போன வாரம் ஓட்டியது கணக்கில் சேராது. மோனோமர் (தனி மூலக்கூறு) பீக்கை மட்டும் எடுங்கள். சிப்பில் எதைப் பதிக்கிறோம், எதைச் செலுத்துகிறோம் என்பதை மாற்றிவைத்தும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் நம்பாதீர்கள்.

கே: டி.எம்.எஸ்.ஓ. (சேர்மத்தைக் கரைக்கும் கரைப்பான்) 0.1 சதவீதம் கூடுதலானால் பரவாயில்லையா?

அதற்கே 100 ஆர்.யு. போல நகரும். நீங்கள் தேடுவது 10. ரன்னிங் பஃபரோடு (சிப்பின் மேல் ஓடும் கரைசல்) அச்சாகப் பொருத்துங்கள். கரைப்பான் திருத்தமும் செய்யுங்கள்.

கே: உயர்ந்த செறிவில் சிக்னல் ஆர்மேக்ஸை (எல்லா இடமும் நிறைந்தால் வரும் உச்ச அளவு) தாண்டி ஏறிக்கொண்டே போகிறது.

சேர்மம் கண்ட இடத்தில் ஒட்டுகிறது. பஃபரில் 0.05 சதவீதம் ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தும் ஏறினால் அந்தச் சேர்மத்தை விட்டுவிடுங்கள்.