கறுத்த முனையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வசிக்கிறேன். வார இறுதிகளில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளோடு சேர்ந்து சிறு மின்னணுக் கருவிகள் செய்கிறேன். பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் முனை இரண்டே மாதத்தில் கறுத்துவிடுகிறது. பற்றவைக்கும் ஈயம் (சால்டர்) ஒட்டாமல் உருண்டு விழுகிறது. உப்புத்தாளால் தேய்த்தும் பயனில்லை. இது மூன்றாவது முனை. நம் ஊர் ஈரப்பதம்தான் காரணமா?

பதில்: ஈரப்பதத்தின்மேல் பழி போடாதீர்கள். உங்கள் முனை ஊசிபோல் கூரானதா? அயர்னை 400 டிகிரியில் வைக்கிறீர்களா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

சிறிய வேலைக்குக் கூரான முனைதான் ஏற்றது என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூர்முனை மின்சுற்றுப் பலகையைத் தொடுவது ஒரு புள்ளியில் மட்டுமே. அந்த வழியாக வெப்பம் போதுமான அளவு இறங்காது. ஈயம் உருகவில்லையே என்று நாம் வெப்பத்தைக் கூட்டுகிறோம். சூடு ஏற ஏற முனையின் இரும்புப் பூச்சு காற்றோடு வினைபுரிந்து கறுக்கிறது. கறுத்த இடத்தில் ஈயம் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர்தான்.

ஆகவே, 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவ முனையை வாங்குங்கள். உங்கள் வேலையில் பெரும்பகுதிக்கு அது ஒன்றே போதும். மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகளுக்காக, ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போகும்போது பழைய முனையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் முனைகள்கூட உள்விட்டத்தில் வேறுபடும்.

உளியின் தட்டையான பக்கம், பலகையின் செம்பு வட்டத்தையும் பாகத்தின் கம்பிக்காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டு எண்ணுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக்கம்பியை நீட்டுங்கள். அது பளபளத்து, காலைச் சுற்றி ஓடி, சிறு குன்றுபோல் படியும். அழுத்தத் தேவையே இல்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த (63/37) கம்பி 183 டிகிரியில் உருகும். அயர்னை 330 அளவில் வைத்தால் போதும். காரீயமில்லாத வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை ஏறத்தாழ 217 டிகிரியில் உருகும். அதற்கு 350 வையுங்கள். மகளும் உடன் இருப்பதால் காரீயமில்லாததையே பரிந்துரைப்பேன். எதுவானாலும் சன்னலைத் திறந்து வையுங்கள். குளிர்சாதன அறையில் புகை தேங்கும்.

உப்புத்தாளை மட்டும் இனித் தொடாதீர்கள். முனையின் உள்ளே இருப்பது செம்பு. உருகிய வெள்ளீயம் அதை விரைவில் கரைத்துவிடும் என்பதால்தான் மேலே இரும்பு பூசியிருக்கிறார்கள். நீங்கள் தேய்த்து எடுத்தது அந்தக் கவசத்தைத்தான். பித்தளைச் சுருளில் இரண்டு முறை குத்தி எடுத்தால் முனை சுத்தமாகிவிடும். ஈரப் பஞ்சு பயன்படுத்தினால், தண்ணீர் சொட்டாதபடி பிழிந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முனையைத் துடைத்துப் பளிச்சென்று வைக்கத்தான் கை போகும். அப்படிச் செய்யாதீர்கள். முனை முழுதும் ஈயம் பூசி, அதன் பிறகே மின்சாரத்தை நிறுத்துங்கள். அடுத்த வாரம் வரை அந்த ஈயமே காற்றைத் தடுக்கும். இடையில் தொலைபேசி அழைப்பு வந்தாலும் அயர்னை அணைத்துவிட்டே எழுந்திருங்கள்.

கையிலுள்ள மூன்றாவது முனையையும் எறிந்துவிட வேண்டாம். 300 டிகிரியில் வைத்து, ஃபிளக்ஸ் (கறுப்பை நீக்கி ஈயத்தை ஒட்டவைக்கும் பொருள்) உள்ள ஈயத்தைத் தாராளமாக உருக்குங்கள், சுருளில் துடையுங்கள், மறுபடியும் உருக்குங்கள். பத்து முறையாவது செய்து பாருங்கள். வெள்ளிநிறத் திட்டு தோன்றிப் பரவினால் முனை பிழைத்துக்கொண்டது. குழி விழுந்து சிவப்பாகச் செம்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.