அக்கா, தங்கை, நடுவில் ஒரு ரகசியம்: தன்பாலீர்ப்புப் பெண்களின் வீட்டுக் கேள்விகளுக்குக் குடும்ப ஆலோசகர் பதில்

திருச்சி வாசகி: அக்கா ஒரு பெண்ணைக் காதலிக்கிறாள். எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். யாரிடம், எப்போது சொல்வது என்பது அவள் முடிவு. தங்கை நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் போன் பறிபோய், வேலையும் போய், வீட்டோடு முடங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை வாசகி: எனக்குப் பெண்களிடம்தான் ஈர்ப்பு. "நீ கழுத்தை நீட்டாவிட்டால் தங்கச்சிக்கு எப்படி வரன் வரும்?" என்று வீட்டில் அழுகிறார்கள். ஒத்துக்கொள்ளவா?

பதில்: கூடாது. தங்கையின் பெயரைச் சொல்லித்தான் மூத்தவளை மடக்குவார்கள். ஆனால் அந்தத் தங்கையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது நீங்களே கேளுங்கள். "அக்காவை விடுங்கப்பா, எனக்குப் பாருங்க" என்று அப்பா முன்னால் போய் நின்ற தங்கைகள் உண்டு. கோபப்படுகிறவர்களும் உண்டு, அவர்களுக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "மூத்தவளுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை" என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

சேலம் வாசகர்: தங்கை என்ன பாவம் செய்தாள்? பெரியவள் விட்டுக்கொடுக்கக் கூடாதா?

பதில்: தங்கை கல்யாணம் முடியும்வரை வெளியே சொல்லாமல் இருந்தால், அது விட்டுக்கொடுப்பது. மனசு ஒட்டாத ஒருவரோடு ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்தச் சொல்வது அநியாயம். அந்த மாப்பிள்ளையும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

சேலம் வாசகர்: ஊர் பேசுமே?

பதில்: பேசும். அந்தக் கல்யாணம் ஒரு வருடத்தில் முறிந்தால் இன்னும் பேசும், தங்கையின் புகுந்த வீடு உட்பட.

ஈரோடு வாசகி: டாக்டரிடம் காட்டி அக்காவை மாற்றலாம் என்கிறார் அப்பா.

பதில்: இது நோயே இல்லை. இப்படி 'மாற்றும்' சிகிச்சை மருத்துவரின் தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. அதை அப்பாவிடம் சொல்லுங்கள். அக்காவைத் தனியாக அனுப்பாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகி: அக்கா தன் தோழியோடு போய்விட்டாள். அப்பா காணவில்லை என்று புகார் கொடுத்தார். போலீஸ் என்னை விசாரிக்கிறது.

பதில்: விருப்பப்பட்டுத்தான் போனாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். இருவரும் வயதுவந்தவர்கள், சம்மதத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். இது 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு. 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணைத் துணையோடு போக அதே நீதிமன்றம் அனுமதித்தது. அக்காவின் முகவரியைக் கேட்டால், முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

கோவை வாசகி: அக்கா விஷயத்தை அம்மாவிடம் நானே சொன்னால் என்ன?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில் வாசகி: அண்ணியிடம் மட்டும்?

பதில்: யாரிடமும் வேண்டாம்.

சென்னை வாசகி: வீட்டை என் துணைவி பெயருக்கு உயில் எழுதினால் தங்கை வழக்குப் போடுவாளா?

பதில்: உயில் விஷயம் வக்கீல் வேலை. எழுதும் முன் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.