பெண்கள் நாக் அவுட் கோப்பை: கேட்டவற்றுக்குப் பதில்கள்

வடசென்னையில் பெண்களுக்குக் கால்பந்து நாக் அவுட் கோப்பை (ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே) நடத்த நினைப்பவர்களும் அதில் ஆடப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ரெஃப்ரியாக நிற்பதும் ஃபிக்ஸ்சர் (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல்) போடுவதும் எனக்குத் தெரிந்த வேலை. அதற்கு வெளியே இருப்பவற்றுக்குச் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

வியாசர்பாடி, போட்டி நடத்துபவர்: அக்கா, 11 டீம் பேர் கொடுத்திருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

11-க்கு மேல் வருகிற 2, 4, 8, 16 வரிசை எண் 16. அதில் 11 போக மீதி 5. அந்த 5 அணிகளுக்கு பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது. மற்ற 6 அணிகள் முதல் சுற்றில் 3 ஆட்டம் ஆடும். ஜெயிக்கும் மூன்றும் பை வாங்கிய ஐந்தும் சேர்ந்தால் காலிறுதிக்கு 8. மொத்தம் 10 ஆட்டம். எத்தனை அணி வந்தாலும் அதில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. பை எல்லாமே முதல் சுற்றிலேயே முடிந்துவிட வேண்டும். அரையிறுதியில் மூன்று அணி நிற்கிற ஃபிக்ஸ்சரைப் போடாதீர்கள் தம்பி. குலுக்கலை எல்லா கேப்டன்களையும் வைத்துக்கொண்டு நடத்துங்கள்.

கொருக்குப்பேட்டை, ஆட்டக்காரர்: மூக்குத்தி மேல் டேப் ஒட்டி ஆடலாமா அக்கா?

கூடாது. ஆட்ட விதி 4 நகை எதையும் அனுமதிப்பதில்லை. கம்மல், மோதிரம், வளையல், கயிறு, ரப்பர் பேண்ட் வரை எல்லாம் அதில் வரும். டேப் ஒட்டி மறைப்பதும் கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. முழங்கை பட்டால் மூக்கு கிழியும். மோதிரம் வலையில் மாட்டினால் விரல் போகும். புதிதாக மூக்கு குத்துவதாக இருந்தால் போட்டி முடிந்த பிறகு குத்திக்கொள்ளுங்கள் தங்கச்சி. தலையை மூடும் துணிக்கு 2014-லிருந்து அனுமதி உண்டு. சட்டையோடு இணைந்திருக்கக் கூடாது, கறுப்பாகவோ சட்டையின் நிறத்திலோ இருக்க வேண்டும்.

ராயபுரம், ஆட்டக்காரர்: தாலிக்கு மட்டும் விலக்கு உண்டா?

இல்லை. ஆட்டம் முடியும் வரை அம்மாவிடமோ நம்பிக்கையான தோழியிடமோ கொடுத்து வையுங்கள். இதை மைதானத்தில் வைத்துச் சொன்னால் மனசு கஷ்டப்படும். அதனால் நடத்துபவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

எண்ணூர்: சின்னக் கம்மல்தான், டேப் போட்டால்...

மேலே இரண்டு பதில்களைப் படியுங்கள்.

பெரம்பூர், பயிற்சியாளர்: டிரா ஆனால் கூடுதல் நேரம் கட்டாயமா? டை பிரேக்கரில் எப்போதும் சண்டை வருகிறது.

கட்டாயமில்லை. நேராக டை பிரேக்கர், அதாவது பெனால்டி உதைகள், என்று போட்டி விதியில் எழுதிவிட்டால் போதும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுகிற பெண்களுக்கு அதுதான் நல்லது. சண்டை வருவதற்குக் காரணம் முறை தெரியாததுதான். முதலில் எந்த கோல் என்பதற்கு டாஸ். தரை மோசம், பாதுகாப்பில்லை என்றால் ரெஃப்ரியே கோலை முடிவு செய்யலாம். அப்புறம் இன்னொரு டாஸ்; அதில் ஜெயித்தவர் முதலில் அடிப்பதா இரண்டாவதா என்று சொல்வார். ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்தவர்கள்தான் அடிக்கலாம். ஒரு அணியில் ஆள் குறைந்திருந்தால் எதிரணியும் அதே எண்ணிக்கைக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். பந்தை உதைக்கும் நொடியில் கீப்பரின் ஒரு காலில் கொஞ்சமாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆட்டோவில் தாமதமாக வந்து இறங்கிய கையோடு களத்தில் இறங்காதீர்கள். முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 20 நிமிடம் வார்ம் அப் செய்யாத அணியை இறக்காதீர்கள். ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சி அதற்கென்றே வந்தது, செலவே கிடையாது.

தண்டையார்பேட்டை, ஒரு அப்பா: பெண்களுக்குச் சின்னப் பந்தா, சின்ன கோலா?

பெரியவர்களுக்கு இரண்டும் ஆண்களுடையதுதான். 5-ஆம் எண் பந்து, 410 முதல் 450 கிராம், கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். சிறுமிகளுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

புளியந்தோப்பு: எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. ஃபைனல் ஆடலாமா?

எலும்பு டாக்டரைப் பாருங்கள். அவர் சொல்லும் வரை ஆடாதீர்கள்.

காசிமேடு, பள்ளி ஆசிரியை: பெண்கள் வெள்ளை ஷார்ட்ஸ் வேண்டாம் என்கிறார்கள். சொல்லத் தயங்குகிறார்கள்.

நீங்கள் கேட்டது நல்லது டீச்சர். 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெண்கள் அணியே மாதவிடாய் காரணத்துக்காக வெள்ளையை விட்டு நீல ஷார்ட்ஸுக்கு மாறியது. கருநீலமோ கறுப்போ வாங்குங்கள். மைதானத்தில் பூட்டாத, தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கிறதா என்று நடத்துபவரிடம் முன்பே கேளுங்கள். கோப்பை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு அது.

ஐ.சி.எஃப் பக்கம், கல்லூரி மாணவி: இங்கிலாந்தில் பெண்கள் கோப்பை நூறு வருடப் பழசா?

இல்லை. 1920 டிசம்பரில் லிவர்பூல் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டம் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம், 1921 டிசம்பரில், தன் உறுப்பு கிளப்களின் மைதானத்தில் பெண்கள் ஆடக் கூடாது என்று அங்குள்ள கால்பந்து சங்கம் (எஃப்.ஏ.) தடை போட்டது. பெண்களுக்கான எஃப்.ஏ. கோப்பை 1970-71-இல்தான் தொடங்கியது. முதல் ஃபைனலில் சவுத்தாம்ப்டன் 4-1 என்று ஜெயித்தது. விளையாட்டையே தடை செய்யவில்லை, மைதானத்தைத்தான் மூடினார்கள். ஐம்பது வருடம் போய்விட்டது. நம் மாநகராட்சித் திடல்களில் மாலை 5 மணி யாருக்குக் கிடைக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெண்களுக்கென்று ஒரு நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

திருவொற்றியூர், போட்டி நடத்துபவர்: முதல் சுற்றில் தோற்றவர்களுக்கும் இன்னொரு ஆட்டம் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களாமே. நாக் அவுட் என்றால் நாக் அவுட்தானே அக்கா?

கோப்பைக்கான வரிசையில் நான் கை வைக்கவில்லை அண்ணா. தோற்றவர் கோப்பைக்குத் திரும்ப வரப் போவதில்லை. 16 அணி வந்தால் 8 அணி ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறது. அம்மாவிடம் கெஞ்சி, டியூஷனை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணுக்கு 30 நிமிட ஆட்டம், அதில் பாதி பெஞ்சில். அடுத்த வருடம் அவள் வரமாட்டாள். அந்த எட்டு அணிக்கும் தனியாக ஒரு ஆட்டம் வையுங்கள்.

அதே அண்ணா: மைதானம் கிடைப்பதே கஷ்டம். நேரத்துக்கு எங்கே போவது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 அணிக்கு 4 ஆட்டம். பாதிக்கு 15 நிமிடம், இடைவேளையும் மாறுவதும் சேர்த்து ஆட்டத்துக்கு 40 நிமிடம். 160 நிமிடம், மூன்று மணி நேரம்கூட இல்லை. தொடக்க விழாவில் விருந்தினர் பேச்சுக்கும் பொன்னாடைக்கும் போகிற நேரத்தைக் குறைத்தால் பாதி கிடைத்துவிடும்.

பெரம்பூர் பயிற்சியாளர்: நான் அண்ணன் பக்கம். தோற்றால் போச்சு என்ற பயம்தான் ஆட்டத்தைக் கற்றுத் தரும்.

அந்தப் பயம் வேண்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடம் முழுக்க ஆட்டம் இருக்கிற பையன்களுக்குத்தான் அது பாடம். வருடத்துக்கு இரண்டு போட்டி கிடைக்கிற பெண்ணுக்கு அது வெறும் வெளியேற்றம். தமிழ்நாடு பெண்கள் அணி 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் 2-1 என்று வென்று தேசியக் கோப்பை வாங்கியது. அந்தப் போட்டியில் குழு ஆட்டங்கள் ஆடிய பிறகுதான் அரையிறுதி. ஒரு தோல்வியைத் திருத்திக்கொள்ள அங்கே இடம் உண்டு. கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார் என்றால் நிறைய ஆட்டம் ஆடித்தான் போனார்.

இன்னொருவர்: அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்?

அந்தப் பெண்களின் வீட்டார் வருவார்கள். வராவிட்டாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

மணலி: அக்கா, ரப்பர் வளையல்...

கழற்றுங்கள். நகை பற்றி இனிமேல் பதில் இல்லை.

வியாசர்பாடி, முல்லை நகர் பக்கம்: மே மாதம் டர்ஃபில் நடத்தலாமா?

செயற்கைப் புல் வெயிலில் சாதாரணப் புல்லைவிட மிக அதிகமாகச் சுடும். காலை 6.30-க்குத் தொடங்கி 8.30-க்குள் முடியுங்கள், மீதியை மாலையில் வையுங்கள். தண்ணீர் இடைவேளை ஒரு நிமிடம் வரை, வெப்பம் கடுமையாக இருந்தால் 90 வினாடியிலிருந்து 3 நிமிடம் வரை, இரண்டுக்கும் விதியில் இடம் உண்டு. ஷூவின் அடியில் நீள ஸ்டட் (குமிழ்) வேண்டாம், முழங்கால் திருகும். வார்ம் அப் 20 நிமிடம். வெயில் என்று அதைக் குறைக்காதீர்கள்.

திருவொற்றியூர் அண்ணா: சரி அக்கா, அந்த 4 ஆட்டத்தையும் சேர்க்கிறேன். வேறென்ன பார்க்க வேண்டும்?

ரொம்ப சந்தோஷம் அண்ணா. அந்த ஆட்டங்களுக்கும் முழு ரெஃப்ரி, முழுச் சம்பளம், அதே பந்து, அதே முதலுதவிப் பெட்டி. பெரிய மைதானத்தில் ஃபைனலுக்குக் கோடு போடுகிறோம் என்று அவர்களை ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். ஃபிக்ஸ்சர் தாளில் அவற்றையும் அச்சடித்து ஒவ்வொரு கேப்டனிடமும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். தோற்ற அன்றைக்கே அணி கலைந்து போகாமல் இருக்கும்.