அலமாரியில் இருப்பதைச் சமைத்தால் எவ்வளவு மிச்சமாகும்?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். கணவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பவர் டேபிள் (கரண்டில் ஓடும் தையல் மெஷின்) டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைக்கிற பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பெல்லாம் தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடும், சனிக்கிழமை கையில் 6,000, 6,500 வரும். போன ஆகஸ்டிலிருந்து ஆர்டர் சரியில்லை. ஒரு வாரம் 3,500, ஒரு வாரம் 2,000 என்று வருகிறது. எனக்கு உரிமைத்தொகை 1,000 வருகிறது. வாடகை 6,000, மகளிர் குழுத் தவணை 2,400, மளிகை, பால், காய், கறி எல்லாம் சேர்த்து 7,500, கரண்ட், கேஸ், போன், பஸ் 1,600, தீபாவளிச் சீட்டு 500. சீட்டு இப்போதுதான் இரண்டு மாதம் கட்டியிருக்கிறேன். 80,000 ரூபாய்க்கு பேங்கில் நகைக்கடன் இருக்கிறது, பங்குனியில் வருஷம் முடிகிறது. கையிருப்பு 22,000. மகள் ஒன்பதாவது, மகன் நான்காவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்.

வீட்டில் சாமானுக்குக் குறைவில்லை. ரேஷன் அரிசி 35 கிலோ, கோதுமை 12 கிலோ, துவரம் பருப்பு, உளுந்து, கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாமாக 14 கிலோ இருக்கும். போன தீபாவளிச் சீட்டில் வந்த மைதா, கடலை மாவு, ஜவ்வரிசி, ரவை, சேமியா அப்படியே கிடக்கிறது. ராகி மாவு, அவல், புளி, வரமிளகாய், மூன்று வகை வத்தல், அத்தை ஊரிலிருந்து வந்த நிலக்கடலையும் உண்டு. மூன்று மாதம் மளிகையே வாங்காமல் இதை வைத்து ஓட்டிவிடலாமா? இல்லை, இன்னொரு கடன் வாங்குவது நல்லதா? தீபாவளிச் சீட்டைத் தொடரட்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கடன் வேண்டாம். சாமானை எடுத்துச் சமைக்கலாம். ஆனால் மூன்று மாதம் வராது, இரண்டு மாதம் வரும். மிச்சமாகும் தொகையும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அதற்காக விட்டுவிட வேண்டாம், அந்தக் குறைந்த தொகை உங்கள் வீட்டில் பெரிய வேலை ஒன்றைச் செய்யும்.

முதலில் ஓட்டை எவ்வளவு என்று பார்ப்போம். வாரம் சராசரி 2,750 என்றால் மாதம் 11,000. உரிமைத்தொகையோடு 12,000. நீங்கள் எழுதிய செலவைக் கூட்டினால் 18,000. மாதம் 6,000 துண்டு விழுகிறது, அதைக் கையிருப்பிலிருந்துதான் எடுக்கிறீர்கள். இப்படியே போனால் இரண்டு மாதம் கழித்து, பங்குனியில், 10,000 நிற்கும். அந்த நேரத்தில்தான் நகைக்கடன் வட்டி வந்து நிற்கும். உங்கள் கணக்கில் அதை எழுதவே இல்லை. 9% வட்டி என்று வைத்தால் வருஷத்துக்கு 7,200. கட்டிய பிறகு 2,800 மிஞ்சும். அதில் ஒரு மாத வாடகையில் பாதியைக்கூடக் கொடுக்க முடியாது. அந்த இடத்தில்தான் குடும்பங்கள் மீட்டர் வட்டிக்காரரிடமோ, போனில் வரும் கடன் ஆப்பிடமோ போய் மாட்டுகின்றன.

இப்போது அலமாரிக்கு வருவோம். 7,500-ஐப் பிரித்துப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் பால் ஒரு 1,400, காய்கறி 1,400, கறி, முட்டை 800 போகும். மீதி 3,900தான் மளிகை. அதிலும் எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், சோப்பு, துணிப்பவுடர் ஆகியவை அலமாரியில் இல்லை, அவற்றுக்கு 1,300 எடுத்து வையுங்கள். ஆக, இருக்கிற சாமானைச் சமைப்பதால் மாதம் 2,600 ரூபாய் மிச்சம். 7,500-ம் மிச்சமாகப் போவதில்லை.

இரண்டு மாதம் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? ஐந்து பேருக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசியோ மாவோ வேண்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு 90 கிலோ. உங்களிடம் 35 கிலோ அரிசி, 12 கிலோ கோதுமை, மாவும் ரவையும் அவலும் சேமியாவும் ஒரு 14 கிலோ. ரேஷனில் மாதம் 20 கிலோ கிடைத்தால் இரண்டு மாதத்துக்கு 40. எல்லாம் கூட்டினால் 101. பத்துக் கிலோவைக் கடைசிவரை தொடாமல் வைத்தால் கணக்கு சரியாக இருக்கிறது. பருப்பும் அதே மாதிரிதான், இரண்டு கிலோவைத் தொடாமல் வைத்தாலும், ரேஷன் பருப்போடு சேர்த்து நாளைக்குக் கால் கிலோ என்றால் இரண்டு மாதத்தை ஒட்டி வரும். எனவே ரேஷனை ஒரு மாதம்கூட விடாதீர்கள். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளியில் இந்த விலைக்கு யாரும் தரப்போவதில்லை. வாங்கிய அரிசியை இட்லி மாவுக் கடைக்கு விற்கும் பழக்கம் உங்கள் தெருவில் இருக்கலாம், அதில் சேராதீர்கள்.

அடுத்து ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு டப்பா கட்டிக் கொடுக்கிறீர்களா? நான்காவது படிக்கும் மகனுக்குப் பள்ளியில் காலை உணவு உண்டு, மதியம் முட்டையோடு சத்துணவும் உண்டு. பத்தாவது வரை சத்துணவு இருப்பதால் மகளும் சாப்பிடலாம். ‘நாம என்ன அவ்வளவு இல்லாதவங்களா’ என்று பல வீட்டில் தயங்குகிறார்கள். அது பிள்ளைகளின் உரிமை, உங்கள் வரிப் பணமும் அதில் இருக்கிறது. இதில் 400 ரூபாயாவது குறையும். சீட்டு 500-ஐயும் நிறுத்தினால், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், மொத்தம் 3,500 குறைகிறது. துண்டு 6,000 என்பது 2,500 ஆகிவிடும். பங்குனியில் 10,000-க்குப் பதில் 17,000 நிற்கும். அந்த வித்தியாசம் 7,000. கிட்டத்தட்ட உங்கள் நகைக்கடன் வட்டி!

ஆகவே 22,000-ல் 7,500-ஐ இன்றைக்கே பிரித்து, உரிமைத்தொகை விழும் உங்கள் கணக்கில் போட்டுவிடுங்கள். அது நகைக்கு. வட்டியைக் கட்டினால் கடனைப் புதுப்பித்துத் தருவார்களா, அசலில் கொஞ்சம் கேட்பார்களா என்று கிளையில் இப்போதே போய் விசாரியுங்கள், ஏல நோட்டீஸ் வந்த பிறகு ஓட வேண்டாம்.

சாமானை எடுத்துச் சமைத்தும் பணம் மிஞ்சாத வீடுகள்தான் அதிகம். மளிகைக் கடைக்குப் போகவில்லையே என்ற தைரியத்தில் பேக்கரியில் பப்ஸ், சனிக்கிழமை சில்லி சிக்கன், ஆன்லைனில் சின்னதாக ஒரு பொருள் என்று அந்த 2,600 கரைந்துவிடும். எனவே செலவுப் பணத்தையே குறைத்து எடுங்கள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் 1,100 ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள். அந்த வாரத்துக்குப் பால், காய், கறி, எண்ணெய், சோப்பு எல்லாம் அதற்குள்தான். டப்பா வியாழக்கிழமையே காலியானால் வெள்ளிக்கிழமை வத்தக்குழம்பு.

சரி, எதை முதலில் எடுப்பது? வண்டு எதை முதலில் தின்னுமோ அதை. மைதா, கடலை மாவு, ரவை, சேமியா, ராகி மாவு முதல் வாரத்திலேயே வெளியே வரட்டும். ரவையைச் சலித்து வறுத்து வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். மைதாவில் ரவையும் அரிசி மாவும் புளித்த மோரும் கலந்து கரைத்த தோசை ஊற்றினால் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ராகி மாவோடு முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு ரொட்டி தட்டலாம், கீரை பக்கத்து வீட்டு மரத்தில் சும்மா கிடைக்கும். ஜவ்வரிசியை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். தை வெயிலில் மொட்டை மாடியில் வடகம் ஊற்றிக் காயவைத்தால், காய்கறி வாங்காத நாட்களில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். கோதுமையில் பாதியை மில்லில் மாவாக்குங்கள், மீதியை ரவையாக உடைத்து வாங்குங்கள். காலையில் உப்புமா, ராத்திரியில் கஞ்சி.

கொங்கு நாட்டுக்காரரிடம் கொள்ளுப் பயறைப் பற்றி நான் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் கணக்குக்காகச் சொல்கிறேன். ராத்திரி ஊறவைத்த கொள்ளைக் குக்கரில் ஒரே தடவை வேகவைக்கிறீர்கள். வடித்த தண்ணீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டால் ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாயோடு கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரு கேஸ் செலவில் இரண்டு பதார்த்தம், அன்றைக்குக் காய்கறி வேண்டாம். அரிசிம்பருப்பும் அப்படியே. அரிசி, துவரம் பருப்பு, வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள்தூள், எல்லாம் ஒரே குக்கர். வாரத்தில் இரண்டு ராத்திரி அதைப் போட்டால் சிலிண்டர் சில நாட்களாவது கூட ஓடும். டப்பாக்களின் அடியில் ஒவ்வொரு பிடியாக நிற்கும் பருப்புகளை எல்லாம் பச்சரிசியோடு ஊறவைத்து அடைக்கு அரையுங்கள். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பலகாரம் அடைதான், எதுவும் மிச்சம் என்று நிற்காது.

வத்தல்களை மட்டும் அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள். சம்பளம் 2,000 வரும் வாரத்துக்கு அவை. சுண்டைக்காய் வத்தலோ மணத்தக்காளி வத்தலோ ஒரு பிடி எடுத்தால் அன்றைய 50 ரூபாய் காய்கறிச் செலவு நின்றுபோகும்.

எல்லாவற்றையும் தின்று தீர்க்க வேண்டும் என்றும் இல்லை. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்திருந்தாலோ, சுருங்கிக் கறுத்துக் கசந்தாலோ தூக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மாவில் காறல் வாடை அடித்தாலும் அப்படித்தான். பாக்கெட்டில் ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று போட்டிருந்தால் அது ருசி குறையத் தொடங்கும் தேதி, பார்த்து முகர்ந்து முடிவு செய்யலாம். ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ தாண்டியதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். 40 ரூபாய் மாவைக் காப்பாற்றப் போய் 400 ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவு எதற்கு?

அந்தப் பத்துக் கிலோ அரிசியையும் இரண்டு கிலோ பருப்பையும் ஏன் தொடக் கூடாது என்றேன்? அலமாரி துடைத்துவைத்த மாதிரி ஆனால், அடுத்த நாளே நோட்டுப் போட்டுக் கடன் கொடுக்கும் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே விலை பேச உங்களுக்கு வாய் வராது. அத்தைக்கும் இதைச் சொல்லுங்கள். வீட்டில் அரிசி பருப்பு நிறைந்து இருக்க வேண்டும் என்று நினைக்கும் தலைமுறை அது. டப்பா ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். கடைசிக் கையிருப்பு எங்கே இருக்கிறது என்று காட்டி, அதன் சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இந்த 2,600 மாதா மாதம் வரும் மிச்சம் இல்லை. பழைய பணத்தில் வாங்கி வைத்ததை இப்போது உடைத்துத் தின்கிறீர்கள், வைப்புநிதியை உடைப்பது போலத்தான். மூன்றாவது மாதம் மளிகைச் செலவு திரும்ப வந்துவிடும். அதற்குள் வேறு ஏதாவது நடந்தாக வேண்டும். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் 50% வரி போட்டபோது அடி வாங்கியது அந்த நாட்டுக்குத் துணி அனுப்பிய கம்பெனிகள்தான். ஐரோப்பிய ஆர்டரோ உள்நாட்டு ஆர்டரோ எடுக்கும் கம்பெனியில் டேபிள் காலியாக இருக்கிறதா என்று கணவர் இந்த இரண்டு மாதத்துக்குள் விசாரிக்கட்டும். நீங்கள் செக்கிங், பிசிறு வெட்டும் வேலைக்குப் போக முடியுமா என்று பாருங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அத்தை இருக்கிறார். குழுத் தவணையில் சிக்கல் வரும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முந்தைய கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒரு மாதம் கட்டாமல் இருந்தால் மற்ற பெண்களோடு உள்ள உறவும் கெடும்.

பங்குனி வரும்போது புளி, மிளகாய் மலிவாக இருக்கும், வருஷத்துக்கு வாங்கிப் போட அத்தை சொல்வார். இந்த வருஷம் உங்களிடம் புளி இருக்கிறது, விட்டுவிடலாம். சூப்பர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றாலும் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

தீபாவளிச் சீட்டு. போன முறை அதில் வந்த மைதாவும் ஜவ்வரிசியும் இந்தத் தை வரை பிரிக்காமல் கிடந்தன. வேண்டாத சாமானுக்கு முன்பணம் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பதிவு செய்யாமல் நடத்தும் சீட்டாக இருந்தால், நடத்துகிறவர் ஓடிவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு. கட்டிய 1,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், தீபாவளிக்கு அந்தத் தொகைக்கு மட்டும் பொருள் தரச் சொல்லி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மைதாவுக்குப் பதில் எண்ணெயாகக் கேளுங்கள்.