மழையும் பிடிக்கும், பிஞ்சும் பிடிக்கும்

அன்புள்ள அம்மா,

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். தமிழ்வழியில் படித்தவள். தோட்ட முதலாளி பெங்களூரில் இருக்கிறார். அவருடைய கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றில் 'செட்' என்ற வினை என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. வெவ்வேறு கடிதங்களிலிருந்து மூன்று வரிகளைத் தருகிறேன்: 'மான்சூன் ஹாஸ் செட் இன்.' 'ஃப்ரூட் செட் இஸ் புவர்.' 'செட் அசைட் தி ஃப்ளோட்ஸ்.' மூன்றிலும் மூன்று பொருள். சேலத்தில் நான் போன ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் இந்த ஒரு சொல்லுக்கு ஐம்பது பொருள்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று ஒழுங்காக இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி? இதைக் கற்க வழி உண்டா?

த., ஏற்காடு

அன்புள்ள த.,

பட்டியல் நினைவில் நிற்கவில்லை என்று வருந்தாதீர்கள். அது யாருக்கும் நிற்காது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்தபோது, 'செட்' என்ற வினைக்கு 430 பொருள்கள் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு பதிவு மட்டும் 60,000 சொற்கள் நீளம். அகராதியிலேயே மிக நீண்ட பதிவு அதுதான். பிறகு நடந்த திருத்தப் பணியில் 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. அதற்கான பதிவைத் தயாரித்த பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. (இந்தப் 'பிடித்தது' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.) இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவரிடம் போய் அந்த 430ஐயும் சொல்லுங்கள் என்றால் திணறிப்போவார். ஆனால் பேசும்போது எந்த இடத்திலும் அவருக்குப் பிசகாது. மனப்பாடம் செய்யச் சொன்னவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். உங்கள் காசையும் நேரத்தையும் வாங்கிக்கொண்டு அகராதியைப் பிய்த்துக் கொடுப்பது கற்பித்தல் ஆகாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான் மறுக்கிறேன். தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்கிறீர்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். காலையில் தலைக்குப் பூ வைக்கிறாள், நெற்றியில் பொட்டு வைக்கிறாள். கோயிலில் பொங்கல் வைக்கிறாள், மாவிளக்கு வைக்கிறாள், அம்மனிடம் ஒரு வேண்டுதலும் வைக்கிறாள். இடுப்பில் இருக்கும் பேத்திக்கு அம்மன் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். திரும்பும் வழியில் கடைக்காரர் பூசணிக்காய்க்கு வைத்த விலையைக் குறைக்கச் சொல்கிறாள். வீட்டுக்கு வந்து குழம்பு வைக்கிறாள். இரவில் கைப்பேசியில் ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுக்கிறாள்.

குழம்பு வைப்பதற்கும் பெயர் வைப்பதற்கும் என்ன உறவு? இந்தப் பொருள்களை எல்லாம் யாராவது உங்களுக்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்களா? 'வை' என்ற சொல்லை நீங்கள் ஒருபோதும் தனியாகக் கேட்டதில்லை. பூவோடும் பொட்டோடும் குழம்போடும் சேர்த்தே கேட்டீர்கள், அதனால் தங்கிவிட்டது. உங்கள் பயிற்சி வகுப்பு செய்தது இதற்கு நேரெதிர். துணைகளை எல்லாம் கழற்றிவிட்டு, வெறும் வினையைக் கையில் கொடுத்தது.

நான் வேண்டுமென்றேதான் 'வை' என்ற சொல்லை எடுத்தேன். 'செட்' பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்' என்று இருந்த சொல். உட்காருவதைக் குறிக்கும் 'சிட்' என்ற வினையின் பிறவினை அது. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள்: நட, நடத்து, உருள், உருட்டு, விழு, வீழ்த்து. அதே உறவுதான் 'சிட்'டுக்கும் 'செட்'டுக்கும். உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு 'ஃபெல்' என்று முதலாளி எழுதுவார். அது 'ஃபால்' என்பதன் பிறவினை. ஆக, 'செட்' என்பதன் அடிமனத்தில் இருப்பது 'உட்கார வை' என்ற ஒரே எண்ணம். ஒன்றைக் கொண்டுபோய் ஓரிடத்தில் அல்லது ஒரு நிலையில் இருத்துவது, அது அங்கேயே தங்குவது. விலை, அலாரம், நாள், தீ ஆகிய நான்கிலும் ஆங்கிலத்தில் 'செட்' வரும், தமிழில் 'வை' வரும்: விலை வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், கல்யாணத்துக்கு நாள் வைக்கிறோம், தீ வைக்கிறோம். குழம்புக்கும் பொட்டுக்கும் இந்தப் பொருத்தம் கிடையாது. எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் வரிகள். 'செட் அசைட்' எளிது. பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டும்போது, வண்டு துளைத்ததும் கொட்டை சரியாக முற்றாததும் மேலே மிதக்கும். அவற்றை ஒதுக்கி வையுங்கள் என்கிறார். ஒதுக்கி வை, எடுத்து வை, தள்ளி வை, சேர்த்து வை என்று நாம் வினைக்கு முன்னால் ஒரு வினையெச்சத்தைப் போட்டுப் பொருளைத் திருப்புகிறோம். ஆங்கிலம் அதே வேலையைப் பின்னால் ஒரு சிறுசொல்லை ஒட்டிச் செய்கிறது. 'செட் அப்', 'செட் ஆஃப்', 'செட் பேக்' எல்லாம் இந்த வகைதான்.

'செட் இன்' தான் எனக்கு மிகப் பிடித்த இடம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் 1980களில் ஒரு புது வேலையைத் தொடங்கினார். மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் லட்சக்கணக்கான சொற்களாகக் கணினியில் சேர்த்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தச் சொற்களோடு வருகிறது என்று பார்த்தார். 1987இல் வந்த கோபில்ட் அகராதி அந்த உழைப்பின் பயன். 'செட் இன்' எங்கெல்லாம் வருகிறது என்று அவர் தேடிப் பார்த்தபோது, அதற்கு எழுவாயாக வந்தவை பெரும்பாலும் வேண்டாதவையாக இருந்தன: அழுகல், சிதைவு, நோய்த்தொற்று, மனச்சோர்வு. எந்த அகராதியும் அதுவரை இதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களும் அறிந்து சொன்னதில்லை. ஆனாலும் அப்படித்தான் பயன்படுத்திவந்தார்கள். வந்தால் சட்டென்று போகாது, நாம் விரட்டினாலும் போகாது என்ற குணம் அந்தத் தொடருக்குள் இருக்கிறது. பருவமழைக்கும் அந்தக் குணம் உண்டு.

இப்போது தமிழில் யோசியுங்கள். தென்மேற்குப் பருவமழை சேர்வராயன் மலையில் தொடங்கி நாள்கணக்கில் விடாமல் பெய்தால் என்ன சொல்வீர்கள்? மழை பிடித்துக்கொண்டது என்பீர்கள். வேறு எதுவெல்லாம் பிடிக்கும்? இரும்பில் துரு பிடிக்கும், ஊறுகாயில் பூஞ்சை பிடிக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும், மனிதனுக்குச் சனி பிடிக்கும். சின்க்ளேர் கண்டெடுத்த வேண்டாத கூட்டம் நம்மிடமும் அப்படியே நிற்கிறது. இதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டுகிறேன்.

அதோடு முடியவில்லை. 'ஃப்ரூட் செட்' என்றால் என்ன? மார்ச், ஏப்ரலில் பூ மழை எனப்படும் கோடை மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூக்கும். மலை முழுக்க மல்லிகை போல மணக்கும். பூ சில நாளில் வாடி உதிரும். அடியில் பச்சையாக ஒரு புள்ளி நின்றால் நாம் என்ன சொல்கிறோம்? பிஞ்சு பிடித்திருக்கிறது என்கிறோம். உங்களுக்கு மூன்று பொருளாகத் தெரிந்தவற்றில் இரண்டு, தமிழில் ஒரே வினைக்குள் அடங்கிவிட்டன. துருவைப் பிடிக்கவிட்ட அதே சொல் பிஞ்சையும் பிடிக்க வைக்கிறது, நமக்கு ஒரு குழப்பமும் இல்லை.

குழப்பம் ஏன் இல்லை என்பதைத் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல், 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தேறத் தோன்றும், அதாவது தெளிவாக விளங்கும் என்பது தொல்காப்பியத்தின் கிளவியாக்க இயலில் வரும் நூற்பா. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக் காட்டுவார்கள். 'மா பூத்தது' என்றால் வினையே அதை மரம் என்று சொல்லிவிடுகிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் நிற்கும் இனம் சொல்கிறது. கவசம் அணிந்து நிற்பவன் 'மா கொண்டுவா' என்றால் அது குதிரை. அவன் நிற்கும் நிலை சொல்கிறது. சேலத்துக்காரர்களுக்கு மா என்றதும் மாம்பழம்தான் நினைவுக்கு வரும், ஆனால் அந்த வீரனின் முன்னால் யாரும் மல்கோவாவை நீட்டமாட்டோம். அங்கே பெயர்ச்சொல்லை வினை தெளிவாக்குகிறது. உங்கள் சிக்கலில் வினையைப் பெயர்ச்சொல் தெளிவாக்குகிறது. வழி ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'செட்' ஏற்கெனவே நம் தெருவில் உலவுகிற சொல், எல்லா 'செட்'டும் உங்கள் கடிதத்துக்கு உதவாது. சேலத்துத் தெருவோரத் தின்பண்டமான தட்டுவடை செட்டில் இருப்பது வேறு வம்சம். தொகுதி என்று பொருள்படும் அந்தப் பெயர்ச்சொல் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, பிற்பாடுதான் நம் வினையோடு கலந்தது. ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் சென்ற வாரம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். ஓமலூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் குனிந்து, கான்கிரீட்டின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்த இடத்தில் பிறை போல ஒரு தடம். 'இன்னும் செட் ஆகவில்லை, யாரும் ஏறாதீர்கள்' என்றார். அச்சு அசல் ஆங்கிலப் பொருள். மாலையில் அவரே புதிதாக வந்த சித்தாளைப் பற்றி, 'அந்தப் பையனுக்கு இந்த வேலை செட் ஆகாது' என்றார். ஒத்துப்போகாது என்ற இந்தப் பொருள் நாம் உண்டாக்கியது. அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் முதலாளிக்கு விளங்காது.

கற்கும் முறைக்கு வருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அதில் 'செட்' என்று தலைப்பிட்டுப் பொருள்களை வரிசையாக எழுதாதீர்கள். கடிதத்தில் வரும் முழு வரியை எழுதுங்கள். எதிரே, அதே சூழ்நிலையில் தோட்டத்தில் நீங்கள் என்ன சொல்வீர்களோ அந்தத் தமிழ் வரியை எழுதுங்கள். 'மான்சூன் ஹாஸ் செட் இன்' என்பதற்கு எதிரே 'மழை பிடித்துக்கொண்டது'. 'ஃப்ரூட் செட் இஸ் புவர்' என்பதற்கு எதிரே 'பிஞ்சு சரியாகப் பிடிக்கவில்லை'. புதிய வரி வந்தால் மூன்றைப் பாருங்கள்: எது 'செட்' ஆகிறது, பின்னால் எந்தச் சிறுசொல் ஒட்டியிருக்கிறது, கடிதம் எந்த மாதத்தில் வந்தது. அறுவடைக் காலக் கடிதத்தில் பிஞ்சைப் பற்றிப் பேசமாட்டார். இவற்றுக்குப் பிறகும் விளங்காவிட்டால் மட்டும் அகராதியைத் திறங்கள், அங்கும் பொருளுக்கு முன்னால் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள்.

நோட்டில் சில பக்கம் நிறைந்ததும் 'ரன்' பக்கம் போகலாம். பம்பு ஓடுவதும், தோட்டத்தை நடத்துவதும், உரம் தீர்ந்துபோவதும் முதலாளியின் கடிதங்களில் அந்த ஒரே வினையாகத்தான் வரும். அப்படி வருகிற வரிகளை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.